ரத்தான வாக்கியங்கள்

மிருதுளா வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாத வாக்கியங்களை, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் வேளைக்குள் அவள் குடியிருந்த அடுக்ககம் முழுவதும் படித்து முடித்திருந்தது.

கடைசியாகப் படித்தவள் தாரணி. மிருதுளாவின் அண்ணி.

கோவை சரவணம்பட்டியில், ஏழாவது மாடி வீட்டுச் சமையலறையில், ஒரு கையில் தோசைக் கரண்டியும் மறு கையில் போனுமாக நின்றிருந்தாள். பொள்ளாச்சியிலிருந்து அவள் தங்கை ஓர் இணைப்பை அனுப்பி, 'அக்கா, இது உன்ற நாத்தனார்தானே?' என்று கேட்டிருந்தாள். தாரணி திறந்தாள். படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"அண்ணி, தோசை தீயுது" என்றது கூடத்திலிருந்து ஒரு பெண் குரல். தெளிவான, லேசான கரகரப்புள்ள குரல். மிருதுளாவின் கழுத்திலிருந்து அவளுக்காகப் பேசும் பட்டியின் குரல்.

தாரணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து மிருதுளாவின் சக்கர நாற்காலிக்கு எதிரே நின்றாள்.

"படிக்கறேன், கேட்டுக்கோ. 'அண்ணிக்குக் கை சுத்தம். மனசுலதான் அழுக்கு.' இது ஒண்ணு. 'அண்ணன் மஸ்கட்டுக்குப் போனது சம்பாதிக்க இல்லை, இவ வாய்க்குப் பயந்து.' அடுத்தது. 'சொந்தக்காரங்க வந்தா என்னைத் துணியோட துணியா பால்கனியில காயப்போடறா.' இன்னும் போயிட்டே இருக்குது. தள்ளித் தள்ளி விரல் வலிக்குது. யாருடி சொன்னா இதையெல்லாம்?"

மிருதுளாவின் முகம் வெளிறியது.

"யாரும் சொல்லலை அண்ணி. நான் சொல்லவே இல்லை."

அது கலப்படமில்லாத உண்மை. சிக்கலே அதுதான்.

மிருதுளாவுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கையும் காலும் நாக்கும் அவள் சொன்னபடி கேட்காது. மூளை மட்டும் எல்லோருக்கும் முன்னால் ஓடும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணிதம் எடுப்பவள்; வகை நுண்கணிதத்தில் அவளிடம் திட்டு வாங்காத பிள்ளை கோவையில் குறைவு. அந்தத் திட்டைத் திட்டுவது பட்டி. பேச நினைத்தால் தொண்டைத் தசையில் ஒரு மெல்லிய துடிப்பு எழும்; பட்டி அந்தத் துடிப்பைப் படித்து வாக்கியமாக்கும். வாக்கியம் முதலில் அவள் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடியின் ஓரத்தில் எழுத்தாக ஓடும். சும்மா இருந்தால் அது குரலாக வெளியே வரும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினால் ரத்து. யார் காதுக்கும் போகாது.

ரத்தான வாக்கியம் அங்கேயே செத்துப்போகிறது என்றுதான் மிருதுளா இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

சாகவில்லை. பட்டியைத் தந்த 'குரலகம்' என்ற மாற்றுத்திறனாளிகள் சேவை நிறுவனம் அத்தனையையும் சேர்த்து வைத்திருந்தது. சனிக்கிழமை யாரோ உள்ளே புகுந்து, ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் ரத்தான வாக்கியங்களை அள்ளி, பெயர் போட்டுத் தேடிப் பார்க்கும் வசதியோடு இணையத்தில் கொட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை குரலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். கூடவே ஓர் ஒப்பந்தமும் இருந்தது. அதைப் படித்தபின்தான் மிருதுளா வக்கீலைக் கூப்பிட்டாள்.

வக்கீல் இப்ராஹிம் வீட்டுக்கே வந்தார். ஐம்பது வயது, கனத்த உடம்பு, வியர்த்த முகம்.

"என்ற ஆபீஸ் ரெண்டாவது மாடிம்மா. லிஃப்ட் கெடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குக் கேஸ் நடத்தற வக்கீலுக்கு லிஃப்ட் இல்லாத ஆபீஸ்! என் மேலயே ஒரு கேஸ் போடலாம். காபி இருக்குமா?"

தாரணி பேசாமல் காபி கொண்டுவந்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. மிருதுளாவைக் குளிப்பாட்டினாள், தலை வாரினாள், சோறு ஊட்டினாள். எதிலும் குறை வைக்கவில்லை. வார்த்தை மட்டும் இல்லை.

"எதுக்கு சார் சேர்த்து வெச்சாங்க?" என்றாள் மிருதுளா. "ரத்துன்னா ரத்துதானே?"

"அவங்க இன்ஜினீயருங்க புத்தி அப்படி. நீங்க ஒரு வாக்கியத்தை ரத்து பண்ணினா, பட்டி தப்பா ஊகிச்சிருச்சுன்னு எடுத்துக்கிட்டாங்க. தப்பைச் சேர்த்து வெச்சாத்தானே அடுத்த தடவை சரியாச் சொல்லும்? 'மனுசன் ஒண்ணை நெனச்சு, வேண்டாம்னு விட்டுருவான்'ங்கறது அங்க யாருக்கும் தோணவே இல்லை."

"நெனச்சதையெல்லாம் சொல்ற வீட்டுல வளந்திருப்பாங்க" என்றது பட்டி.

இப்ராஹிம் சிரித்தார். சுவரோரமாக நின்ற தாரணி சிரிக்கவில்லை.

"சரி, இப்ப நமக்கு இருக்கற வழியைச் சொல்றேன். நல்லாக் கேட்டுக்குங்க. முதல் வழி, அந்த ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டா நஷ்ட ஈடு கெடைக்கும், பட்டி சேவை ஆயுசுக்கும் இலவசம். கேஸ், வாய்தா எதுவும் இல்லை. ஆனா அதுல ஒரு வரி இருக்கு. 'கசிந்தவை இயந்திரத்தின் தவறான ஊகங்கள். எனது சொற்கள் அல்ல.'"

தாரணி நிமிர்ந்தாள்.

"ரெண்டாவது வழி, என்னைப் பத்தின தரவை முழுசா அழிச்சுருன்னு சட்டப்படி கேக்கலாம். அழிச்சுத்தான் ஆகோணும். ஆனா பட்டி உங்க தொண்டையையும் மறந்துரும். புதுசாப் பழக்கோணும்."

"பழக்கறதுக்கு வருசக்கணக்கா ஆச்சு சார். அதுவரைக்கும் நான் ஊமை. க்ளாஸ் போயிரும்."

"அதான். மூணாவது, தரவுத் தீர்ப்பாயத்துல வழக்கு. 'என் அந்தரங்கத்தை வெளிய விட்டுட்டீங்க'ன்னு. இதுல ஒரு முள்ளு இருக்கும்மா. அந்தரங்கம் போச்சுன்னு சொல்லோணும்னா, முதல்ல அது உங்க அந்தரங்கம்னு ஒத்துக்கோணும். அந்த வாக்கியமெல்லாம் என்னுதுன்னு, கூண்டுல ஏறி, எல்லார் முன்னாடியும்." அவர் தாரணியின் பக்கம் பார்க்காமல் காபியைப் பார்த்தார். "எல்லார் முன்னாடியும்."



"எல்லாமே என்னுது இல்லை சார்" என்றது பட்டி. "மெஷினோட தப்பும் கலந்திருக்குது. 'அண்ணி, யானைக்குத் தாளிச்சாச்சா'ன்னு ஒண்ணு இருக்கு. சத்தியமா அது நான் இல்லை."

"மீதி?"

மிருதுளா சுவரோரம் நின்ற அண்ணியைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் தாரணி பேசினாள். தயிர்சாதத்தைப் பிசைந்து, கரண்டியை மிருதுளாவின் வாயருகே கொண்டுபோய், அங்கேயே நிறுத்திக்கொண்டு பேசினாள்.

"கையெழுத்துப் போட்டுரு அம்மணி."

"அண்ணி..."

"மெஷின் தப்பு பண்ணிருச்சுன்னு ஒரு வரி. அவ்வளவுதானே? லிஃப்ட்டுல ஏறினா நாலு பேரு என்னைப் பாத்துட்டுக் குனிஞ்சுக்கறாங்க. காய்கறிக்காரன்கூட ஒருமாதிரி சிரிக்கறான். நீ மெஷின்னு சொல்லிட்டா அத்தோட முடிஞ்சுது. நானும் நம்பிக்கறேன்."

"நெஜமா நம்புவீங்களா?"

தாரணி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"நம்ப மாட்டேன். ஆனா நம்பின மாதிரியே இருந்துக்குவேன். ஒரு வீடு ஓடறதுக்கு அது பத்தாதா?"

மிருதுளாவின் கண் கலங்கியது. ஆனால் பட்டியின் குரலுக்கு அழத் தெரியாது. அது ஒரே சீராகப் பேசியது.

"அண்ணி, போன வருசம் ஆஸ்பத்திரியில என்ற முதுகுல ஆபரேஷன் பண்ணலாம்னு டாக்டர் சொன்னப்ப, நான் வேண்டாம்னு சொன்னேன். ஞாபகம் இருக்குதா? நான் சொன்னதை எழுதிக்கிட்டு விட்டுட்டாங்க. நாளைக்கு அதே டாக்டர், 'வேண்டாம்ங்கறது இவங்க சொல்லா, மெஷின் ஊகமா?'ன்னு கேட்டா? 'உங்க கையெழுத்திலேயே இருக்குதே, மெஷின் தப்பா ஊகிக்கும்னு'ன்னு நீட்டினா? வலிக்குதுன்னு நான் சொன்னாலும் ஊகம். வேண்டாம்னாலும் ஊகம். பட்டி கட்டினவங்க எல்லாத்துக்குமே அதுதான் கதி."

"அதுக்காக என்னைத் தெருவுல நிறுத்துவியா?"

"உங்களை நிறுத்தறதுக்கு இல்லை."

"எனக்கு வித்தியாசம் தெரியலை" என்றாள் தாரணி. கரண்டியை மறுபடியும் எடுத்தாள். "வாயைத் தொற. ஆறிப்போச்சு."

வழக்குப் பதிவானது. பட்டி கட்டிய வேறு யாரும் சேரவில்லை. எல்லோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் ஒவ்வொரு தாரணி இருந்திருப்பாள். மிருதுளா மட்டும் தனியாக நின்றாள். நிற்க முடியாத அவளைப் பற்றி அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, இப்ராஹிம் போனில் அழைத்தார். ஸ்பீக்கரில் ஒலித்த குரலில் வழக்கமான கேலி இல்லை.

"குரலகம் தரப்பு சாட்சிப் பட்டியல் வந்திருக்குதும்மா. அவங்க பொறியாளர் ஒருத்தர். அப்புறம்..." நிறுத்தினார். "உங்க அண்ணி."

மிருதுளா சமையலறைப் பக்கம் பார்த்தாள். தாரணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்:

"ஆமா. வர்றேன்னு சொல்லிட்டேன். மெஷின் தப்புன்னு அவங்க சொல்றாங்க. எனக்கு அதுதான் வேணும். நீ உனக்காகப் பேசறே. நான் எனக்காகப் பேசறேன்."

தீர்ப்பாயம் அவிநாசி சாலையில் ஒரு புதுக் கட்டிடத்தில் இருந்தது. சரிவுப்பாதை, அகலமான கதவு, எல்லாம் ஒழுங்கு. தலைவர் பத்மாசனி, ஓய்வுபெற்ற நீதிபதி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசும் பழக்கமுள்ளவர்.

மிருதுளாவின் நாற்காலியைக் கூண்டுக்கு அருகே நிறுத்தினார்கள். பட்டி பேச வாயெடுக்கும் முன்பே குரலகத்தின் வக்கீல் எழுந்துவிட்டார். பெயர் சேதுரத்தினம். சுருக்கமில்லாத கோட்டு.

"ஆட்சேபிக்கிறேன், மேடம். இந்தப் பட்டி சொல்வது மனுதாரரின் சொல்லா, இயந்திரத்தின் ஊகமா என்பதே வழக்கு. அதே பட்டியை வைத்து எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?"

ஆட்சேபம் நியாயமானது.

பத்மாசனி யோசித்தார். "பேச முடியாதவர் எழுதிக் காட்டியோ, சைகையாலோ சாட்சி சொல்லலாம் என்று சட்டம் ரொம்ப நாளாகவே சொல்கிறது. இவருக்கு அப்படி ஏதாவது வழி உண்டா?"

உண்டு. பட்டி வருவதற்கு முன்பு மிருதுளா பேசியது எழுத்துப் பலகையில். மேலே பன்னிரண்டு உயிர், கீழே பதினெட்டு மெய்யும் ஷ, ஜ போன்ற எழுத்துகளும். முதலில் மெய்யைப் பார்ப்பாள், பிறகு உயிரைப் பார்ப்பாள். எதிரே இருப்பவர் கண் போகும் இடத்தைப் பார்த்துச் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தக் கண்ணைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் தாரணி. ஆனால் அவள் எதிர்த்தரப்புச் சாட்சி. எனவே தீர்ப்பாயமே ஒரு மொழிபெயர்ப்பாளரை நியமித்தது.

கழுத்திலிருந்து பட்டியைக் கழற்றினார்கள். அவளுடைய குரல் மேசைமேல் ஒரு சின்னக் கறுப்பு வளையமாகக் கிடந்தது.

"கசிந்த வாக்கியங்கள் யாருடையவை?" என்று கேட்டார் பத்மாசனி.

மிருதுளாவின் தலை ஒருபக்கமாக இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் பலகையைப் பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். மொழிபெயர்ப்பாளர் தப்பாகப் படிப்பார், அவள் கண்ணை மூடித் திறப்பாள், மறுபடி முதலிலிருந்து. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாரணிக்கு ஒவ்வொரு எழுத்தும் அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் அனுமதியில்லை. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

குளிரூட்டப்பட்ட அந்த அறையிலும் மிருதுளாவின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. ஒரு வார்த்தையை இவ்வளவு விலை கொடுத்து யாரும் வாங்கி அங்கிருந்த ஒருவரும் பார்த்ததில்லை.

கடைசியில் மொழிபெயர்ப்பாளர் படித்தார்: "மெஷின் தப்பு கொஞ்சம். மீதி என்னுது."

சேதுரத்தினம் குறுக்கு விசாரணைக்கு வந்தார். குரல் தேன்.

"உங்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைப்பவர் உங்கள் அண்ணி. ஒப்புக்கொள்கிறீர்களா?"

ஆம் என்று கண்ணை மூடினாள்.

"இந்த வாக்கியங்கள் உங்களுடையவை என்றால் நீங்கள் அவரை வெறுக்கிறீர்கள் என்று அர்த்தம். வெறுக்கிறீர்களா?"

இப்ராஹிம் தலையில் கை வைத்தார். இல்லையென்றால் வாக்கியங்கள் பொய்யாகும். ஆமென்றால் வீடு போகும்.

மிருதுளாவின் கண் பலகையில் நகர்ந்தது. ச். இ. ல். அ...

மொழிபெயர்ப்பாளர் இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் யாரோ பட்டென்று சிரித்துவிட்டார்கள். எல்லோரும் திரும்பினார்கள். தாரணி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

"அமைதி" என்றார் பத்மாசனி. "என்ன சொல்கிறார்?"

"சில நாள்" என்று படித்தார் மொழிபெயர்ப்பாளர். "சில நாள் மட்டும்."

மதிய இடைவேளைக்குப் பிறகு தாரணி கூண்டில் ஏறினாள். சேதுரத்தினத்துக்குத் தெம்பு திரும்பியிருந்தது. தன் தரப்புச் சாட்சி. நன்றாகப் பேசிப் பழக்கி வைத்திருந்த சாட்சி.

"அம்மா, இத்தனை வருடம் அவரைப் பார்த்துக்கொள்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு கடுமையான சொல்லாவது அவர் சொன்னதுண்டா?"

"ஒண்ணுகூட இல்லைங்க."

"அப்படியானால் இந்த வாக்கியங்கள் அவருடைய இயல்புக்குப் பொருந்தாதவை. சரிதானே?"

"அவ சொல்லி நான் கேட்டதில்லைங்க."

"நன்றி. உதாரணத்துக்கு ஒன்று." அவர் திரையில் காட்டினார். "'சொந்தக்காரங்க வந்தா என்னைத் துணியோட துணியா பால்கனியில காயப்போடறா.' இது இயந்திரத்தின் கற்பனை. இப்படி எதுவும் உங்கள் வீட்டில் நடக்கவில்லை. சரியா?"

ஒரு சொல். 'இல்லை' என்றால் போதும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் வந்திருந்தாள். லிஃப்ட்டில் மறுபடி தலை நிமிரலாம், காய்கறிக்காரனை முறைக்கலாம்.

தாரணி திரையைப் பார்த்தாள். பிறகு, மேசைமேல் கிடந்த பட்டியைப் பார்த்தாள். பிறகு மிருதுளாவைப் பார்த்தாள். காலையிலிருந்து எழுத்து எழுத்தாகத் தேடித் தேடிச் சிவந்துபோன கண்கள். அவை கெஞ்சவில்லை.

"நடந்துச்சுங்க."

சேதுரத்தினம் கேட்காதவர்போல் குனிந்தார். "என்னம்மா?"

"நடந்துச்சு. பொங்கலுக்கு என்ற பெரியம்மா மக குடும்பத்தோட வந்திருந்தா. அவ கொஞ்சம் ஒருமாதிரி. மிருதுளா சாப்பிடறப்ப எச்சில் ஒழுகும், அதைப் பாத்து மூஞ்சியச் சுளிப்பாளோன்னு நாற்காலியைப் பால்கனிக்குத் தள்ளிட்டேன். காத்தாடட்டும்னு சொல்லிட்டுத் தள்ளினேன். எங்க பால்கனி மேற்கால பாத்ததுங்க. சாயங்கால வெயில் நேரா மூஞ்சியில அடிச்சிருக்கும். துணியும் காய்ஞ்சுட்டுத்தான் இருந்துச்சு."

"அம்மா, நீங்கள் குழம்பிப்போய்..."

"குழப்பம் எல்லாம் இல்லைங்க. இந்தப் பட்டிக்குக் கண்ணு இருக்குதுங்களா?"

"என்ன?"

"கேமரா. மைக்கு. இருக்குதுங்களா?"

பத்மாசனி கண்ணாடிக்கு மேலாகப் பொறியாளரைப் பார்த்தார். "பதில் சொல்லுங்கள்."

பொறியாளர் எழுந்தார். "இல்லை, மேடம். வாடிக்கையாளரின் வீட்டைப் பார்க்கவோ கேட்கவோ கூடாது என்று வேண்டுமென்றே வைக்கவில்லை. தொண்டைத் தசையை மட்டும்தான்..." அவர் குரல் தேய்ந்தது. தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்பறம் பால்கனியும் துணியும் மெஷினுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?" என்றாள் தாரணி. "நான் பண்ணினது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். வேற யாரும் பாக்கலை. அது அவ வாக்கியம்தான்."

சேதுரத்தினம் உட்கார்ந்தார். தாரணி இறங்கவில்லை. யாரும் கேட்காமலே தொடர்ந்தாள், பத்மாசனி தடுக்கவில்லை.

"ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேனுங்க. எனக்கு வாய் ஜாஸ்தி. மனசுல வர்றதை அப்படியே கொட்டிருவேன். 'உன்னால என்ற வாழ்க்கையே போச்சு'ன்னு இவ மூஞ்சிக்கு நேரா எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். அதெல்லாம் எங்கயும் கசியலை, ஏன்னா நானே சொல்லிட்டேன். இவளுக்கும் வந்திருக்குது. கண்ணாடி ஓரத்துல வரிசையா ஓடியிருக்குது, நல்லா நறுக்கு நறுக்குன்னு. ஒவ்வொண்ணையும் பாத்து, வேண்டாம்னு நிறுத்தியிருக்கா. இவங்க என்னடான்னா நிறுத்தினதெல்லாம் தப்புங்கறாங்க." அவள் குரல் உடைந்தது. சட்டென்று சரிசெய்துகொண்டாள். "தப்பில்லைங்க. அது அவ எனக்காகப் பாத்துப் பாத்துச் செஞ்சது. அதைத்தான் இவங்க தொலைச்சுட்டு வந்து நிக்கறாங்க."

இப்ராஹிம் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வாதாட அவருக்கு எதுவும் மிச்சமில்லை.

வெளியே சரிவுப்பாதையில் தாரணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பட்டி மறுபடி கழுத்தில் ஏறியிருந்தது. ஓட்டுநர் இல்லாத ஆட்டோ வந்து பக்கவாட்டுப் பலகையை இறக்கியது. நாற்காலி பலகையில் ஏறும்போது டக்கென்று இடித்தது.

"அண்ணி, மெதுவா. நீங்க தள்ளறப்ப எனக்கு எப்பவுமே பயமா இருக்குது" என்றது பட்டி.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"இத்தனை வருசம் வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்று எரிந்து விழுந்தாள் தாரணி. ஆனால் நாற்காலியைப் பின்னால் இழுத்து, நிதானமாக, பூப்போல மறுபடி ஏற்றினாள்.

தீர்ப்பு மழைக்காலத் தொடக்கத்தில் வந்தது. இப்ராஹிம் தன் ஆபீஸில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். ஒரு மனிதர் சொன்னது எப்படி அவருடையதோ, சொல்லாமல் விட்டதும் அப்படியே அவருடையது. ரத்தான எதையும் இனி யாரும் சேமிக்கக் கூடாது. பட்டி வழியாகச் சொன்ன சொல்லைச் சொன்னவரின் சொல்லாகவே எங்கும் ஏற்க வேண்டும். நஷ்ட ஈடு தனி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களும் விரும்பினால் அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறலாம் என்று கடைசி வரி சொன்னது. அந்த வரியை அவர் கேட்டிருக்கவில்லை. பத்மாசனி தாமாகவே எழுதியிருந்தார்.

இப்ராஹிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரவணம்பட்டிக்குப் போன் போட்டார்.

தாரணிதான் எடுத்தாள்.

"ஜெயிச்சுட்டோம்மா! நம்ம கேட்டதுக்கு மேலயே..."

"வக்கீல் சார், ஒரு அஞ்சு நிமிசம் கழிச்சுக் கூப்பிடறீங்களா? இங்க கொஞ்சம் சண்டை நடந்துட்டு இருக்குது."

போனை எங்கோ வைத்த சத்தம். அணைக்க மறந்திருந்தாள். பின்னணியில் டிவியில் ஏதோ சீரியல் அலறியது. அதையும் மீறிக்கொண்டு இரண்டு குரல்கள். ஒன்று ஏறி இறங்கியது. மற்றது ஏறவுமில்லை இறங்கவுமில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவுமில்லை.

"தலை வாரறப்ப இழுக்கறேன்னியே, சரின்னு விட்டேன். வெந்நி சூடுன்னே, ஒத்துக்கிட்டேன். ரசம் புளிக்குதாம்! இன்னும் என்ன மிச்சம் வெச்சிருக்கே? அதையும் சொல்லிரு!"

"இருக்குது. நெறைய இருக்குது."

"சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. நான் எங்கயும் போகலை."

"சொல்றேன். சிரிக்கற மாதிரியும் இருக்கும், அழுகற மாதிரியும் இருக்கும். மொதல்ல அந்த டிவியை அணைச்சுட்டு உக்காருங்க."

டிவி அணைந்தது. ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

இப்ராஹிம் போனைக் காதிலிருந்து எடுத்து, மெல்ல இணைப்பைத் துண்டித்தார்.